வண்டி நின்றால் டியூ நிற்குமா?

நாமக்கல், சங்ககிரி பக்கம் பழைய லாரி வாங்குவது சந்தையில் மாடு பிடிப்பது மாதிரிதான். பல் பார்க்க வேண்டும், சுழி பார்க்க வேண்டும், தரகர் பேச்சில் பாதியைத்தான் நம்ப வேண்டும். இன்ஜின் அடிவாங்கிய லாரி என்றால் இன்னும் சிக்கல். குறைந்த விலை கண்ணை மறைத்துவிடும்.

சங்ககிரிக்காரரான அந்த டிரைவருக்கு வயது 46. 22 வருஷமாக அடுத்தவர் லாரியை ஓட்டுகிறார். சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உள்ள ஆசை. போன தை மாதம் தரகர் ஒருவர் ஆறு சக்கர லாரி ஒன்றைக் காட்டினார். பத்து வருஷ வண்டி. நன்றாக ஓடும் நிலையில் இருந்தால் 7.5 லட்சம் போகும். ஓனர் கேட்டது 5.5 லட்சம்.

“ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சு கொஞ்சம் ஹீட் ஆயிடுச்சுங்க. ஹெட் கேஸ்கட் மாத்தினா போதும்” என்றார் ஓனர்.

இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. முள் சிவப்புக்குப் போனதும் ஓரங்கட்டியிருந்தால் செலவு ஒரு மாதிரி. ‘அடுத்த ஊர்ல பார்த்துக்கலாம்’ என்று பத்து கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் வேறு மாதிரி.

டிரைவர் தனக்குப் பழக்கமான பெரிய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கே போனார். இன்ஜினில் கை வைத்தால் சூடு. ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்று பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். ஒன்றும் பேசாமல் திரும்பி, மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆறு மணிக்குப் போய் நின்றார்கள்.

டிப்ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. வெள்ளைப் புகையும் வந்தது. இதுவரை ஓனர் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் வண்டி சூடான பிறகு புகையில் நீலம் தட்டியது. ஆயில் மூடியைத் திறந்தால் குப்பு குப்பென்று ஊதியது.

“வெள்ளைப் புகை கேஸ்கட்டுனு வெச்சுக்கலாம். நீலம் ஆயில் எரியறதுப்பா. ரிங், லைனர் வரைக்கும் போயிருக்கும்” என்றார் மெக்கானிக். ஹெட் வேலை மட்டும் என்றால் 50,000 ரூபாய். முழு இன்ஜின் வேலை என்றால் 2 லட்சம். கிராங்க்கோ பிளாக்கோ போயிருந்தால் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும்.

தரகர் விடவில்லை. ஸ்கிராப்பில் நல்ல இன்ஜின் இருக்கிறது, தூக்கி மாட்டிவிடலாம் என்றார். மாட்டலாம். ஆனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கி, புது இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. உண்டு; நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அங்கே நிற்க வேண்டியதுதான்.

வீட்டில் கணக்குப் போட்டார்கள். கையில் 1.5 லட்சம், மீதி 4 லட்சம் ஃபைனான்ஸ். மாதம் 14,500 ரூபாய் டியூ. இன்ஜின் வேலைக்கு மனைவியின் நகை. பெண்ணுக்கு ஜூனில் காலேஜ் ஃபீஸ் வேறு. நகையைப் பற்றித்தான் பேச்சு வரும் என்று அவர் தயாராக இருந்தார். அந்த அம்மா கேட்டது வேறு.

“ஏனுங்க, வண்டி பட்டறைல நின்னா டியூ நிக்குங்களா?”

நிற்காது. இன்ஜின் வேலை முடிய ஒரு மாதமாவது ஆகும். லேத்தில் கூட்டம் இருந்தால் இன்னும் இழுக்கும். அதுவரை வாடகை வராது. வேலையை விட்டிருப்பதால் படியும் சம்பளமும் வராது. 2 லட்சம் மிச்சம் என்று நினைத்ததில் இந்த நாட்களை அவர் சேர்க்கவே இல்லை. இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது, சாதாரண வாகன பாலிசி இயந்திரக் கோளாறுக்குப் பணம் தருவதில்லை.

அவர் ஓனரிடம் போய், “என் மெக்கானிக் இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்கட்டும். வேண்டாம்னா பிரிச்ச கூலி என்னோடதுங்க” என்றார். ஓனர் முதலில் சிரித்தார். ஒரு வாரம் யாரும் வராததால் அவரே போன் செய்தார். யார் வாங்கினாலும் இன்ஜினை இறக்கித்தானே ஆக வேண்டும்?

ஹெட் வளைந்திருந்தது. இரண்டு லைனரில் கோடு. பிளாக்கில் விரிசல் இல்லை. அதைப் பார்த்ததும் டிரைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு சம்பைக் கழற்றி, பேரிங்கைத் திருப்பி, பின்னால் அடித்திருந்த அளவைப் பார்த்தார் மெக்கானிக். கிராங்க்கை ஏற்கெனவே மூன்று தடவை கிரைண்டிங் செய்திருந்தார்கள். இப்போதும் அதில் கீறல்.

“இன்னும் ஒரே ஒரு தடவை கடையலாம். அதுக்கப்புறம் புது கிராங்க்தான்” என்றார்.

ஓனர் 4.75 லட்சத்துக்கு இறங்கினார். தரகர் தோளில் கை போட்டார். டிரைவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். கேபின் நன்றாக இருந்தது. டயர்கூடப் புதுசு. கூலி 6,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

நகை பீரோவிலேயே இருக்கிறது. மறுவாரம் பழைய முதலாளியின் லோடை ஏற்றிக்கொண்டு புனேவுக்குக் கிளம்பினார். போகும் வழியிலேயே மெக்கானிக்கிடமிருந்து போன்: திருச்செங்கோட்டில் ஒரு வண்டி இருக்கிறதாம், கியர்பாக்ஸ்தான் கொஞ்சம் சத்தமாம்.

“கொஞ்சம்னா எவ்வளவுங்ணா?” என்று கேட்டிருக்கிறார்.