ஹன்லே: ஒரு தேய்பிறைக் குறிப்பு

வைகாசி, தேய்பிறை அஷ்டமி. லே

வான்படப் பயணத்துக்கு நாள் குறிப்பது நிலவு. மற்ற நல்ல காரியங்களுக்கெல்லாம் வளர்பிறை பார்ப்பார்கள். இதற்கு மட்டும் தேய்பிறையே சுபம். லடாக்கின் ஹன்லேக்குப் போகிறவர்கள் அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பே லேயில் இறங்கிவிடுவது நல்லது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஹன்லே அதைவிடவும் உயரம். விமானத்தில் வந்த உடல் மெலிந்த காற்றுக்குப் பழக இரண்டு நாளாவது ஓய்வு வேண்டும். அவசரப்பட்டவருக்குத் தலைவலியும் குமட்டலும்தான் மிஞ்சும். எல்லைப் பகுதிக்கான அனுமதிச் சீட்டையும் இந்த ஓய்வு நாட்களில் வாங்கிவிடலாம்.

தேய்பிறை தசமி. ஹன்லே

லேயிலிருந்து இங்கு வர சுமார் 250 கி.மீ. ஊருக்கு மேலே, 4,500 மீட்டர் உயரத்தில், பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்தும் ஆய்வகம் நிற்கிறது. அதன் 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூரை அடுத்த ஹொசகோட்டேயிலிருந்து செயற்கைக்கோள் வழியாக இயக்குகிறார்கள். ஆய்வகத்தைச் சுற்றிய 1,073 சதுர கி.மீ. பரப்பு 2022 டிசம்பரில் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இந்த இருட்டு மலை மட்டும் தந்ததல்ல. கிராமத்தார் ஜன்னல்களுக்குத் திரை போடுகிறார்கள், தெருவிளக்கை மறைக்கிறார்கள். அவர்களில் சிலர் பயிற்சி பெற்று, தொலைநோக்கியோடு பயணிகளுக்கு வானம் காட்டிப் பிழைக்கிறார்கள். இருட்டால் வருமானம் வந்தால்தான் இருட்டு நிலைக்கும். ஹெட்லைட்டைப் போட்டபடி வந்து நிற்கும் ஒரே காரால் பலருடைய ஒரு மணி நேர உழைப்பு பாழாகிவிடும்.

இன்று நிலவு எழ இரவு இரண்டு மணியாகும். அதுவரை வேலை நடக்கும்.

அமாவாசை

சூரியன் மறைந்ததும் இருட்டிவிடுவதில்லை. அது அடிவானத்துக்கு 18 பாகை கீழே இறங்க வேண்டும். வைகாசியில் இதற்கு இங்கே ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகும். அதற்குள் முக்காலியை நிறுத்தி, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்துவிட வேண்டும். இருட்டில் ஆட்டோஃபோகஸ் உதவாது.

பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்பது கிடைக்கும் என்பது பழைய கணக்கு. 20 மி.மீ. லென்ஸுக்கு அது 25 விநாடி. இன்றைய நுண்ணிய சென்சார்களுக்கு 15 விநாடியே பாதுகாப்பானது. அந்தச் சொற்ப ஒளியில் படம் புள்ளிப்புள்ளியாக இரையும். ஒரே காட்சியைப் பதினாறு முறை எடுத்துக் கணினியில் அடுக்கினால் இரைச்சல் கால் பங்காகக் குறையும். பூமியின் சுழற்சிக்கு ஈடாகக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் வைத்திருப்பவர் அதைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக நிறுத்திவிட்டு நிமிடக்கணக்கில் திறந்து வைக்கலாம்.

இரவுக் குளிர் பேட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். மாற்றுப் பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். நிலவே இல்லாத இந்த வானமும் முழுக் கறுப்பல்ல. சுமார் 100 கி.மீ. உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் மெல்லிய பச்சை ஒளி படத்தில் பதிகிறது. புதியவர்கள் அதைக் கேமராவின் கோளாறு என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை.

வளர்பிறை திருதியை

பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடுகிறது. பிறகு வானம் வசப்படும். ஆனால் ஹன்லேக்கு ஒரு குறை உண்டு. 32.8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், பால்வழியின் மையம் இங்கே தெற்கு அடிவானத்திலிருந்து 28 பாகைக்கு மேல் ஏறாது. அதே நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக் காவலூரில் அது 48 பாகைக்கு ஏறுகிறது. ஹன்லேயில் எழவே எழாத திரிசங்கு விண்மீன் கூட்டம் அங்கே தெளிவாகத் தெரியும். காவலூரின் எதிரிகள் பனியும் இரண்டு பருவமழைகளும் அடிவாரத்து ஊர்களின் வெளிச்சமும்.

மங்கலான நெபுலாக்களுக்கும் வட வானத்துக்கும் ஹன்லேக்கு ஈடில்லை. பால்வழி மையத்தையொட்டிய விருச்சிகமும் தனுசும் போதுமென்கிற தமிழ்நாட்டுக்காரர் அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாசி, பங்குனி அமாவாசையின் அதிகாலையில் ஜவ்வாது மலை ஏறினால் போதும்.