அடிக்குறிப்பும் அயலார் மறையும்

சென்ற ஆண்டு சீறாப்புராணத்தைக் குறித்து ஆராய்ச்சியுரையொன்று எழுதப் புகுந்தோம். உமறுப்புலவர் பாடலொன்றுக்கு ஒப்புமை காட்டக் கருதி, குர்ஆன் வசனமொன்றின் எண்ணைப் பழைய ஆங்கில நூலினின்றும் பெயர்த்தெழுதி, அடிக்குறிப்பிலிட்டு மகிழ்ந்தோம். முஸ்லிம் நண்பரொருவர் தம் மறையைப் புரட்டிப் பார்த்து, "நண்பரே, இவ்வெண்ணில் இவ்வசனம் இல்லையே" என்றார். நாணித் தலைகுனிந்தோம்.

காரணம் பின்னரே விளங்கிற்று. ஜெர்மானிய அறிஞர் புளூகல் 1834-ஆம் ஆண்டிற் பதிப்பித்த குர்ஆனின் எண்களையே ஐரோப்பிய ஆசிரியர் பலர் நெடுங்காலம் கைக்கொண்டனர். இன்று பெருவழக்காயிருப்பனவோ 1924-இல் வெளிவந்த கெய்ரோப் பதிப்பின் எண்கள். இரண்டும் பலவிடத்து வேறுபடும். ஆதலின், அத்தியாயத்தின் பெயர், அதன் எண், வசன எண் என்பவற்றோடு, எப்பதிப்பு, யார் மொழிபெயர்ப்பு என்பதனையும் குறித்தல் வேண்டும். ஹதீஸாயின், தொகுத்தோர் பெயர் மட்டும் போதாது. நூற்பிரிவும் எண்ணும் வேண்டும். ஹிஜ்ரி ஆண்டெழுதுமிடத்துக் கி. பி. ஆண்டும் உடனிருத்தல் நன்று.

எம் சுவிசேஷ வசனத்தைப் பிறர் பிழைபடக் காட்டின் எம் உள்ளம் நோவாதோ? அன்று மாலையே அந்நண்பரை அருகிருத்திக் குறிப்புக்கள் அனைத்தையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். மூலநூலைக் காணாது எண்ணெழுதுவதில்லையென உறுதியும் கொண்டோம்.