புள்ளிப் பதிவேடும் மின்னஞ்சலும்

தவணைப் பரீட்சை முடிந்தபின் புள்ளிகளைப் பெற்றாருக்கு அறிவித்தல் ஆசிரியர் கடமைகளுள் ஒன்றாகும். முன்னாளில் முன்னேற்ற அறிக்கை மாணவன் கையிலே செல்லும். சிலவேளை வீடு சேரும், சிலவேளை சேராது. இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் சிலர் இதனை எம்மினும் நன்கறிவர்!

வன்னியிலே 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் பாடசாலைகள் பல தம் இடாப்புகளை இழந்தன. ஒரு பிள்ளையின் புள்ளிகள் பாடசாலை அலுமாரியில் மட்டுமன்றி அதன் வீட்டிலும் இருத்தல் வேண்டும் என யாம் விரும்பியதற்கு அதுவே காரணம். ஆதலின் விரிதாளிற் புள்ளிகளைப் பதிந்து, அவற்றை மின்னஞ்சலில் அனுப்பும் சிறு செய்நிரல் ஒன்றை எழுதக் கற்றோம். தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என நண்பர் நகைத்தனர். அதுவும் ஒரு மொழிதானே என விடையிறுத்தோம்.

கூகிள் விரிதாளோடு 2009 முதல் வழங்கிவரும் அப்ஸ் ஸ்கிரிப்ட், ஜாவாஸ்கிரிப்ட் மொழியை அடியாகக் கொண்டது. ஒரு நிரை ஒரு மாணவனுக்கு உரியது. செய்நிரல் நிரை நிரையாக வாசித்து, பெயரையும் புள்ளிகளையும் கடிதத்தில் இட்டு, அந்நிரையிலுள்ள முகவரிக்கு அனுப்பும். சாதாரணக் கணக்கொன்றிலிருந்து நாளொன்றுக்கு 100 பேருக்கே அனுப்பலாம். எஞ்சியோர்க்கு மறுநாளே செல்லும். எனவே கடிதம் சென்ற நிரையின் இறுதியில் ‘அனுப்பப்பட்டது’ எனக் குறிக்கச் செய்தோம். மறுமுறை இயக்குங்கால் குறியுள்ள நிரைகளை அது தாண்டிச் செல்லும்.

பாமினி எழுத்துருவிற் பதிந்த பெயர்கள் மின்னஞ்சலில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை அமர்த்தியது. ஆதலின் பெயர்களையெல்லாம் யுனிகோட்டுக்கு மாற்றினோம். பிள்ளையின் பெயரே சிதைந்துள்ள கடிதத்தை எந்தத் தாய் மதிப்பாள்?

இதனினும் பெரிது வெற்றுக்கட்டம். அதனை எண்ணாக மாற்றும்படி பணித்தால் இம்மொழி 0 என்று கொள்ளும். காய்ச்சலிற் படுத்திருந்த பிள்ளையும் ஒன்றும் எழுதாத பிள்ளையும் ஒன்றாவரோ? கட்டம் வெறுமையாயின் ‘பரீட்சைக்குத் தோற்றவில்லை’ என எழுதுக எனத் தனிக்கட்டளை இட்டோம்.

முகவரி நிரலை மட்டும் தனியே வரிசைப்படுத்திவிட்டால் ஒருவன் புள்ளி மற்றொருவன் வீடு செல்லும். அது நேராவண்ணம், முதற் சில கடிதங்களை எம் முகவரிக்கே வரவழைத்து இடாப்போடு ஒப்பிட்ட பின்னரே ஏனையவற்றை அனுப்புகின்றோம். மின்னஞ்சல் இல்லாத வீடுகளுக்கு அதே கடிதம் அச்சிற் செல்கிறது. அத்தகைய வீடுகள் இங்கு இன்னும் பல.

புள்ளிகளோடு நில்லாது, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வாக்கியம் எழுத ஒரு நிரல் ஒதுக்கினோம். அதனை எந்தச் செய்நிரலும் நிரப்பாது. யாமே இருந்து எழுதுகின்றோம், இரண்டு இரவுகள் செல்லும். கட்டாரிலே தொழில்புரியும் தந்தையொருவர் சென்ற தவணையில் மறுமொழி விடுத்தார். புள்ளிகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘வாசிக்கும்போது குரல் எழுகிறது’ என அவர் மகனைப் பற்றி யாம் எழுதியிருந்தோம். எந்தப் பாடத்தை வாசித்தான் என்றே வினவியிருந்தார்.