திருவனந்தபுரத்தில் ஒரு வண்ணப் பாடம்

தாயகம் பார்க்கப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் கன்னியாகுமரியோடு திரும்பிவிடுகிறார்கள். முக்கடலில் காலை நனைத்து, அம்மனைத் தரிசித்து, பாசிமணி வாங்கிக்கொண்டு மதுரைக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். அங்கிருந்து இன்னும் சுமார் 90 கிலோமீட்டர் சென்றால் திருவனந்தபுரம். பத்மநாப சுவாமியைச் சேவித்த பிறகு அரை நாள் ஒதுக்க முடியுமானால், படம் வரையும் ஆசையுள்ள பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போக வேண்டிய இடம் ஒன்று அங்கே இருக்கிறது.

நகரின் நடுவே நிழல் தரும் பெரிய மரங்கள் சூழ்ந்த ஒரு வளாகம். உள்ளே நுழைந்ததும் கூர்மையான கூரைகளோடு எழுந்து நிற்பது நேப்பியர் அருங்காட்சியகம். 1880-இல் கட்டி முடித்தது. அதே வளாகத்தில் 1935-இல் திறக்கப்பட்டது ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம். 2023-இல் ராஜா ரவிவர்மாவின் பெயரிலேயே புதிய ஓவியக்கூடம் ஒன்றும் அங்கு திறக்கப்பட்டது. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரவிவர்மா யார் என்று கேட்பவர்கள், தங்கள் வீட்டுச் சாமி படங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். தாமரைமேல் நிற்கும் லட்சுமி, வீணை ஏந்திய சரஸ்வதி என்று நம் லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கிய படங்களில் பல, அவர் காட்டிய வழியில் வந்தவை. 1894-இல் பம்பாயில் அவர் ஓர் அச்சகம் தொடங்கி, தம் ஓவியங்களை வண்ணத்தில் அச்சடித்து மலிவு விலையில் விற்றார். கோயிலுக்கும் அரண்மனைக்கும் போக முடியாதவர் வீட்டிலும் தெய்வத்தின் திருவுருவம் வந்து அமர்ந்தது அப்படித்தான்.

ஆனால் அச்சுப் படத்தைப் பார்ப்பது வேறு, தைல வண்ணத்தில் தீட்டிய அசலின் முன்னால் நிற்பது வேறு. அதைத் தெரிந்துகொள்ளத்தான் திருவனந்தபுரம் போக வேண்டும்.

ரவிவர்மா 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் கிளிமானூரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது சுவரெல்லாம் கரியால் கிறுக்குவாராம். அதைக் கண்ட மாமன் ராஜராஜ வர்மா, பையனை அடிக்கவில்லை, வரையக் கற்றுக்கொடுத்தார். 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் சேர்த்தார்.

அரண்மனையில் இடம் கிடைத்தது; கலை எளிதில் கிடைக்கவில்லை. தைல வண்ணம் அப்போது புதிய வித்தை. அதை அறிந்திருந்த அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் தொழில் நுணுக்கத்தைச் சொல்லித்தர மறுத்துவிட்டார். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர், மன்னர் குடும்பத்தாரின் உருவங்களைத் தீட்ட வந்தார். அவரும் கற்பிக்க இசையவில்லை. மகாராஜா சொன்னதனால், தாம் வரைவதை அருகிருந்து பார்க்க மட்டும் விட்டார். நாயக்கரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்ற தமிழர் இரவில் இரகசியமாக வந்து தமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். மற்றதெல்லாம் தானே குழைத்து, தானே பூசி, தானே சுரண்டிக் கற்றதுதான். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் அவருடைய ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தபோது வயது 25.

அரண்மனையில் வளர்ந்தவருக்கே தொழிலை மறைத்தார்கள் என்றால், தோட்டத்துப் பிள்ளை "எனக்கு யார் சொல்லித்தருவார்?" என்று ஏங்குவதில் வியப்பில்லை. ஆனால் மறைக்கப்பட்ட பாடம் இன்று அந்தச் சுவர்களில் தொங்குகிறது. கண்ணால் படிப்பதை எவரும் தடுக்க முடியாது.

அன்னப் பறவையோடு தமயந்தி நிற்கும் 1899-ஆம் ஆண்டு ஓவியத்தின் முன்னால் சற்று நேரம் நில்லுங்கள். முதலில் கதையைப் பாருங்கள். பிறகு கதையை மறந்து வண்ணத்தை மட்டும் பாருங்கள். கண்களைப் பாதி மூடினால் நகை, பூ, கரை எல்லாம் மறைந்து, வெளிச்சமும் நிழலும் இரண்டு பெரிய பகுதிகளாகத் தெரியும். முகம் வரையத் தெரிந்தவர்கள் முதலில் பிடிப்பது இந்த இரண்டைத்தான். இமை மயிர் கடைசியில் வருவது. நம் பிள்ளைகளோ பெரும்பாலும் இமையில் தொடங்குகிறார்கள்!

அடுத்து வெள்ளையைக் கவனியுங்கள். வெறும் வெள்ளை வண்ணத்தைப் பூசி அன்னத்தை வரைய முடியாது. வெயில் படும் பக்கம் சற்று மஞ்சள் கலந்து சூடாக இருக்கும். நிழல் பக்கம் நீலமோ சாம்பலோ கலந்து குளிர்ந்திருக்கும். பால்மரம் சீவிய கோப்பையில் காலைப் பாலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரே பால், ஓரத்தில் ஒரு நிறம், நடுவில் ஒரு நிறம்.

தைல வண்ணம் என்பது என்ன? நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் அரைத்த குழம்பு. நீர் வண்ணம் தண்ணீர் ஆவியாவதால் காய்கிறது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றிலுள்ள பிராண வாயுவை வாங்கி மெல்ல மெல்ல இறுகித் தோல்போல் ஆகிறது. அதனால்தான் நாட்கணக்கில் ஈரமாக இருந்து, திருத்தவும் குழைக்கவும் இடம் கொடுக்கிறது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயையோ செம்பனை எண்ணெயையோ கலந்தால் படம் என்றைக்கும் காயாது. நம் ரப்பர் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய்கூட அரைகுறையாகத்தான் காயும்.

ஒரு விதியை மட்டும் மறக்கக் கூடாது. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேற்பூச்சில் எண்ணெய் கூடுதல். முதல் பூச்சை டர்பன்டைனில் நீர்த்து மெல்லியதாகப் போட வேண்டும். மேலே வர வர எண்ணெயைக் கூட்டலாம். மாற்றிச் செய்தால், மேல் பூச்சு முந்திக் காய்ந்து, அடியிலுள்ளது பின்னால் அசையும், படம் வெடித்துவிடும்.

இனி நம் முகத்துக்கு வருவோம். கடையில் "தோல் நிறம்" என்று சொல்லி இளஞ்சிவப்பில் ஒரு வண்ணம் விற்பார்கள். அது நம் தோலின் நிறமல்ல. வெயிலில் பால்மரம் சீவிய பாட்டியின் முகத்தை அதைக் கொண்டு தீட்டினால், வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கருப்பைக் கலந்து நிறத்தைக் குறைத்தால் முகம் கரி பூசியதுபோல் ஆகும். வெள்ளையைக் கலந்து வெளிச்சம் கூட்டினால் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகும்.

மஞ்சள் காவி, பர்ன்ட் சியன்னா என்னும் செம்மண் நிறம், அல்ட்ராமரின் நீலம், கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. இந்த ஐந்து போதும். செம்மண் நிறமும் நீலமும் சேர்ந்தால் ஆழமான, உயிருள்ள கருமை கிடைக்கும், நிழலுக்கு அது. செம்மண்ணும் மஞ்சள் காவியும் சேர்ந்தால் வெளிச்சம் படும் மாநிறம். நெற்றியில் மஞ்சள் சற்றுத் தூக்கலாக இருக்கும். கன்னம், மூக்கு, காது ஆகியவற்றில் இரத்த ஓட்டத்தால் சிவப்பு. தாடையில் சற்றுக் குளிர்ச்சி. கறுத்த தோலில் மினுங்கும் இடம் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். ஆகவே அங்கே வெறும் வெள்ளை வேண்டாம். ஒரு துளி நீலம் சேர்த்த வெள்ளையைச் சிறு புள்ளியாக வையுங்கள். முகம் நிமிர்ந்து பார்க்கும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ரவிவர்மாவின் தேவியரும் நாயகியரும் பெரும்பாலும் சிவந்த மேனியர். இந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வழியை, நிறத்தை அல்ல.

நேரம் இருந்தால் வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் பேருந்தில் சென்று கிளிமானூரையும் பாருங்கள். அரண்மனை குடும்பத்தாருக்குச் சொந்தமானது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது மரியாதை. அங்கே அவருடைய ஓவியக்கூடம் இருக்கிறது. 1906-இல் அவர் மறைந்ததும் அவ்வூரில்தான். அவருடைய தம்பி ராஜராஜ வர்மாவும் ஓவியர். தங்கை மங்கள பாயியும் ஓவியர். தங்கை வரைந்த அண்ணனின் உருவப்படம் புகழ் பெற்றது. வீட்டில் ஒருவர் கற்றால் பக்கத்தில் இருப்பவருக்கும் அது ஒட்டிக்கொள்கிறது. பெண் பிள்ளைக்கு எதற்குப் படம் என்று கேட்கும் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் தொடங்க விலை உயர்ந்த கான்வாஸ் வேண்டியதில்லை. வெள்ளை அடிப்பூச்சு போட்ட ஹார்ட்போர்டு துண்டு போதும். வெறும் தாளில் மட்டும் வரையாதீர்கள். எண்ணெய் தாளை அரித்துவிடும். சன்னலைத் திறந்து வைத்து வரையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடியது. கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து எறியுங்கள். முதல் மாதம் ஒரே நிறத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும் பழகுங்கள். அடுத்த மாதம் மூன்று நிறம். அதன் பிறகு ஐந்து.

நம் குடும்பங்கள் பலவற்றில், காடழித்து ரப்பர் நட்ட தாத்தாவுக்கும் பாட்டிக்கும் அடையாள அட்டையில் இருக்கும் தபால்தலை அளவுப் படம் ஒன்றுதான் மிச்சம். அதுவும் கறுப்பு வெள்ளை. அவர்களின் நிறம் என்னவென்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு வண்ணம் குழையுங்கள். பாட்டியைச் சிவப்பாக்க வேண்டாம். அவர் இருந்த நிறத்திலேயே அவரைச் சுவரில் ஏற்றுங்கள். பேரப்பிள்ளைகள் பார்த்து வளரட்டும்.