நடு ராத்திரியில் நான் அடித்த தமுக்கு

மலர்க்குழு என்னிடம் கவிதைதான் கேட்டது. எனக்குக் கவிதை வராது. போன விடுமுறையில் பயிற்சிக்குப் போன இடத்தில் நான் அடித்த கூத்தை எழுதித் தருகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்களும் படிக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

அது ஒரு சின்னக் கம்பெனி. பெயர் வேண்டாம். ஏழு சர்வர், பார்த்துக்கொள்ள இரண்டு அண்ணன்கள். ராத்திரி அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சர்வர் படுத்துவிட்டால் காலையில் வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டும்போதுதான் தெரியும். "தம்பி, நாகியோஸ் போட்டாச்சு. அலர்ட் மட்டும் செட் பண்ணல. நீ பண்ணிப் பாரு" என்று பெரிய அண்ணன் என்னிடம் விட்டார்.

நாகியோஸ் என்பது சர்வர்களுக்குக் காவல் இருக்கும் இலவச மென்பொருள். ஈதன் கால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் 1999ல் நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார். பெயரில் தகராறு வந்து 2002ல் நாகியோஸ் ஆயிற்று. "இருக்கியா? டிஸ்கில் இடம் இருக்கா?" என்று ஒவ்வொரு சர்வரையும் விடாமல் விசாரிக்கும். பதில் சரியில்லை என்றால் நாம் சொன்ன ஆளுக்கு மெயில் போகும். யாருக்கு, எப்போது, எத்தனை தடவை என்று எழுதிக்கொடுப்பதுதான் என் வேலை.

எங்கள் வீட்டில் படிக்கப் போன முதல் ஆள் நான். ஏழு சர்வர் என் கையில் என்றதும் தலைகால் புரியவில்லை. எதுவும் தப்பிவிடக் கூடாது என்று எல்லாவற்றையும் இறுக்கினேன். நிமிடத்துக்கு ஒரு சோதனை. மேக்ஸ் செக் அட்டெம்ப்ட்ஸ் என்ற இடத்தில் 1, அதாவது ஒரே ஒரு முறை பதில் வராவிட்டாலும் கூப்பாடு. நோட்டிஃபிகேஷன் இன்டர்வல் 5, அதாவது சரியாகும் வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அதே கூப்பாடு. அடிக்கடி போய்ப் போய் வரும் சர்வரைக் கண்டுபிடித்து மெயிலை நிறுத்திவைக்கும் வசதி ஒன்று உண்டு. அதையும் அணைத்து வைத்தேன். நம்ம புத்தி அப்படி!

அன்று ராத்திரி ஸ்விட்ச் ஒன்று ஆட்டம் கண்டது. அதன் பின்னால் இருந்த ஏழும் போய்ப் போய் வந்தன. விடிவதற்குள் 412 மெயில். சின்ன அண்ணன் போனை சைலன்ட்டில் போட்டுவிட்டுத் தூங்கினார். பெரிய அண்ணன், நாகியோஸ் மெயில் எல்லாம் தானாகவே வேறொரு ஃபோல்டருக்குப் போகும்படி செய்துவிட்டார். என்னிடம் யாரும் சொல்லவில்லை. நாலாம் நாள் பில் போடும் சர்வரில் டிஸ்க் நிரம்பி, மத்தியானம் வரை பில் இல்லை. தேடிப் பார்த்தால் ராத்திரி 2.10க்கே மெயில் வந்திருக்கிறது. அந்த ஃபோல்டருக்குள்!

சனிக்கிழமை பஸ் பிடித்து திட்டக்குடி வந்தேன். சோறு இறங்கவில்லை. தாத்தாதான் என்னடா என்று கேட்டார். எங்கள் தாத்தா ஊருக்குத் தமுக்கு அடித்தவர். வெள்ளாற்றில் தண்ணீர் வந்தாலும், வரி கட்டச் சொன்னாலும் அவர்தான் தெருத்தெருவாகப் போய்ச் சொல்லணும். சில தெருக்களில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். 2022 ஆகஸ்டில் தண்டோரா போடக்கூடாது, ஒலிபெருக்கியில் சொல்லுங்கள் என்று தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டபோது தாத்தா ஒன்றும் பேசவில்லை. தமுக்கு அதற்கு முன்பே பரணுக்குப் போய்விட்டது.

நான் சொன்னதைக் கேட்டு, "படிச்சுப்புட்டு நீயும் அதே வேலைக்குத்தான் போயிருக்கியா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு அவரே சொன்னார். ஒரு தடவை ஒன்றுமில்லாத விஷயத்துக்கு நடு ராத்திரியில் அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறுதான் வந்துவிட்டது என்று ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, அவரைத்தான் ஏசினார்கள். அடுத்த மழையில் நிஜமாகவே தண்ணீர் வந்தபோது ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை. தமுக்கைப் போட்டுவிட்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். "கேட்டுச்சுன்னு உள்ளேயிருந்து ஒருத்தன் குரல் குடுக்கணும்டா. அதுக்கு முன்ன நகரக் கூடாது."

இது நம் ஊர்க்கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் 1979 மார்ச் 28 அன்று முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட அலாரம். எதைப் பார்ப்பது என்றே ஊழியர்களுக்குத் தெரியவில்லை. 2003 ஆகஸ்ட் 14ல் இதற்கு நேர்மாறு. ஓஹியோவில் ஒரு மின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருளே சத்தமில்லாமல் நின்றுபோய், ஒரு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. அன்று அமெரிக்காவிலும் கனடாவிலுமாக சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போயிற்று.

திங்கட்கிழமை போய் எல்லாவற்றையும் மாற்றினேன். நாலு முறை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் மெயில். ஸ்விட்சை சர்வர்களுக்குப் 'பேரன்ட்' என்று எழுதினேன், அது விழுந்தால் அதற்கு மட்டும் ஒரு மெயில். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் பகலில் சொன்னால் போதும். 95 தாண்டினால் ராத்திரியும் எழுப்பு. நாகியோஸில் 'அக்னாலெட்ஜ்' என்று ஒன்று உண்டு. பார்த்துவிட்டேன் என்று ஆள் அழுத்தியதும் அது கத்துவதை நிறுத்தும். யாரும் அழுத்தாமல் அரை மணி போனால் அடுத்த அண்ணனுக்குப் போகும்படி வைத்தேன். தினமும் காலை 9 மணிக்கு "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று நாகியோஸ் ஒரு மெயில் போடும். அது வராத அன்றுதான் பயப்படணும்.

பெரிய அண்ணனிடம் போய், அந்த ஃபோல்டரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். எட்டாம் நாள் எடுத்தார்.

பயிற்சி முடிந்து வீட்டுக்கு வந்ததும் தாத்தா கேட்டார், "கடைசி வாரம் ராத்திரியில எத்தனை தடவ அடிச்ச?"

"ஒரு தடவதான் தாத்தா."

"யாரு குரல் குடுத்தா?"

"சின்ன அண்ணன். மூணு நிமிஷத்துல."