இரும்பு வாங்க புதுப்பேட்டை, ரப்பர் வாங்க ஜி.பி. ரோடு... இன்ஜின் மவுண்ட்டிங் தேடி ஒரு பயணம்!

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து கூவம் ஆற்றுப் பக்கமாக நடந்தே போய்விடலாம் புதுப்பேட்டைக்கு. கிட்டே போகப் போக கிரீஸும் பழைய டீசலும் கலந்த வாசனை வரும். அடுத்து சுத்தியல் சத்தம். அதற்குப் பிறகுதான் கடைகளே கண்ணில் படும். கதவுகள் ஒரு சுவர், பம்பர்கள் ஒரு சுவர், கியர்பாக்ஸ்கள் ஒரு மலை. ஆள் நடக்க மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு டீக்கடை.

வெளியூர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் 2006-ல் வந்த படத்தால் பரிச்சயம். கார் வைத்திருப்பவர்களுக்கோ, எங்கேயும் கிடைக்காத பார்ட் கிடைக்கும் இடம். அப்படி ஒரு பார்ட் தேடித்தான் என் சித்தப்பாவுடன் அங்கே போனேன்.

சித்தப்பா ஜோலார்பேட்டையில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். நான்கு சிலிண்டர் டீசல் செடான், ஓடியது 1,80,000 கிலோமீட்டர். வார இறுதி என்றால் ஏலகிரி சவாரி. மற்ற நாள்களில் அவருக்கு நிரந்தர வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காக வேலூர் போய்வரும் வயதான அம்மா. பிரச்னையை முதலில் சொன்னதும் அவர்தான். "தம்பி, வண்டி ஓடும்போது ஒண்ணும் தெரியல. சிக்னல்ல நின்னா இடுப்பு எலும்புல போய் அதிருதுப்பா."

கூடவே இன்னொரு தொந்தரவு. கிளட்சை விடும்போதெல்லாம் பானெட்டுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் பார்த்துவிட்டு, "மவுண்ட்டிங் மூணும் போச்சு" என்றிருக்கிறார். ஸ்டாண்டில் இருக்கும் இளைஞர்களோ, "பாலியூரித்தேன் புஷ் போட்டுடுண்ணே, ஆயுசுக்கும் அசையாது" என்று வீடியோ காட்டியிருக்கிறார்கள். சென்னை ஏர்போர்ட்டுக்குச் சவாரி வந்தவர், அரை நாள் லீவு போட்டுக்கொண்டு என்னையும் அழைத்தார். "நீ நாலு பேர்கிட்ட கேள்வி கேக்குற வேலையில இருக்க பாப்பா, வந்து கேளு."

பாய் சொன்ன பாடம்

பழைய இன்ஜின்கள் அடுக்கியிருந்த கடையில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். "பாய், இந்த வண்டிக்கு இன்ஜின் மவுண்ட்டிங் இருக்கா?" என்றார் சித்தப்பா. அவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை.

"இருக்கு. ஆனா குடுக்க மாட்டேன். கியர்பாக்ஸ் கேளு, ஆல்டர்னேட்டர் கேளு, தரேன். இரும்பு பத்து வருஷம் கிடந்தாலும் இரும்புதான். ரப்பர் சும்மா கிடந்தாலே கெழமாயிடும்" என்றவர், பக்கத்தில் கிடந்த ஒரு பழைய மவுண்ட்டிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கட்டை விரலால் அழுத்தி வளைத்ததும் ரப்பரும் இரும்பும் ஒட்டியிருக்கும் ஓரத்தில் முடியளவு விரிசல்கள் வாய் திறந்தன. "வெயிலு, ஆயிலு, இன்ஜின் சூடு... மூணும் சேர்ந்து தின்னுடும்மா. ரப்பர் வேணும்னா ஜி.பி. ரோடு போங்க."

கையிலிருக்கும் சரக்கை விற்க மறுக்கும் வியாபாரியைப் பார்ப்பது அபூர்வம். அவர் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அது என்னதான் வேலை செய்கிறது என்று கேட்டேன். இன்னொரு பழைய துண்டைத் தரையில் வைத்து விளக்கினார்.

"ரெண்டு வேலைம்மா. இன்ஜினைப் பிடிச்சும் வைக்கணும், அதோட நடுக்கத்தை பாடிக்கு விடாமலும் இருக்கணும். இறுக்கிப் பிடிச்சா நடுக்கம் உள்ள வரும். தளர விட்டா இன்ஜின் ஆடும்."

இந்த இழுபறிக்கு வயது தொண்ணூறுக்கும் மேல். ஆரம்பகால கார்களில் இன்ஜினை நேராகச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். ஓட்டுபவரின் பல்லே ஆடும். 1931-ல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம், தன் பிளைமவுத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்காரவைத்து, 'மிதக்கும் சக்தி' என்ற பொருளில் 'ஃப்ளோட்டிங் பவர்' என்று விளம்பரப்படுத்தியது. அடுத்த ஆண்டே பிரான்ஸின் சிட்ரன் அந்த உரிமையை வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் பெட்ரோல், டீசல் கார்களின் இன்ஜின் ரப்பரை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஜி.பி. ரோட்டில் ஒரு கணக்கு

அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைதான் ஜி.பி. ரோடு. புதுப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரம். இங்கே எல்லாம் புதுசு, பளபளப்பு, பிளாஸ்டிக் கவர். சீட் கவர், ஹாரன், ஸ்டீரியோ கடைகளுக்கு நடுவே ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்ட்டர்கள்.

நாங்கள் போன கவுன்ட்டரில் இருந்த அண்ணன் முதலில் கேட்டது வண்டியின் பெயரை அல்ல, சேஸிஸ் நம்பரை. "ஒரே மாடல்லயே வருஷத்துக்கு வருஷம் மவுண்ட்டிங் மாறும். நம்பர் போட்டுப் பார்த்தாதான் சரியா வரும்."

மேசை மேல் மூன்று பெட்டிகள் வந்தன. இன்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று. இவை இரண்டும் எடையைத் தாங்குபவை. மூன்றாவது, கீழே இருக்கும் எலும்புத்துண்டு வடிவ டார்க் ராடு. அது எடை தாங்குவதில்லை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் முன்னும் பின்னும் உருளாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

இன்ஜின் பக்க மவுண்ட்டிங் கொஞ்சம் கனமாக இருந்தது. "இது ஹைட்ராலிக். உள்ள திரவம் இருக்கு. ரெண்டு அறை, நடுவுல சின்ன வழி. இன்ஜின் பெருசா ஆடுனா திரவம் அந்த வழியில நெரிஞ்சு ஆட்டத்தை அடக்கும். சின்ன நடுக்கத்துக்கு மெத்துனு இருக்கும்" என்றார். சித்தப்பாவின் வண்டியில் அந்த இடத்தில் கறுப்பாக ஒழுகியிருந்ததற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. திரவம் போய்விட்டால் அது வெறும் ஓட்டை மவுண்ட்டிங்.

அடுத்து சிவப்பு நிறத்தில் பாலியூரித்தேன் புஷ்களை எடுத்துப் போட்டார். ரப்பரின் கடினத்தை 'ஷோர் ஏ' என்ற அளவில் சொல்கிறார்கள். கம்பெனி ரப்பர் பெரும்பாலும் 45-லிருந்து 65-க்குள் இருக்கும். கடையில் இருந்த பாலி புஷ்கள் 70, 85. எண்ணில் பார்த்தால் சின்ன வித்தியாசம். ஆனால், 50-லிருந்து 70-க்குப் போனாலே விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

"மூணுலயும் இதைப் போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார்.

நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் எரிகிறது. ஐடிலில் நிமிடத்துக்கு 800 சுற்று என்றால், விநாடிக்குச் சுமார் 27 உதை. ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கும் ஊஞ்சல் மாதிரி தனக்கென ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தைப்போல 1.4 மடங்குக்கு மேல் உதையின் வேகம் இருந்தால்தான் ரப்பர் நடுக்கத்தை வடிகட்டும். தாளம் விநாடிக்கு 10 என்றால் பிரச்னை இல்லை, 27 எங்கேயோ மேலே இருக்கிறது. மவுண்ட்டிங்குகளை நான்கு மடங்கு விறைப்பாக்கினால் தாளம் இரண்டு மடங்காகி, 20 ஆகிவிடும். 27-ஐ 20-ஆல் வகுத்தால் 1.35. எல்லைக்குக் கீழே வந்தாயிற்று. இனி அது வடிகட்டாது, நடுக்கத்தைப் பெரிதாக்கித்தான் உள்ளே அனுப்பும்.

ஹைவேயில் சுற்று ஏறியதும் இந்தச் சிக்கல் குறைந்துவிடும். வீடியோவில் ஓட்டிக் காட்டுபவர்கள் "சூப்பரா இருக்கு" என்பது அதனால்தான். ஆனால், டாக்ஸிக்காரரின் வருமானத்தில் பாதி, ஏ.சி போட்டுக்கொண்டு ஐடிலில் நிற்கும் நேரத்தில்தான் இருக்கிறது. டயாலிசிஸ் முடித்துக் களைத்து உட்காரும் அந்த அம்மாவுக்கு வேகம் தேவையில்லை, நிற்கும்போது அமைதி வேண்டும்.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதே 800 சுற்றில் அங்கே விநாடிக்கு 20 உதைதான். ரப்பரை விறைப்பாக்கிக்கொள்ள இடமே குறைவு.

கடைசியில் கவுன்ட்டர் அண்ணன் சொன்ன வழி: எடை தாங்கும் இரண்டும் கம்பெனி ரப்பரே புதுசு. கீழே இருக்கும் டார்க் ராடில் மட்டும் கொஞ்சம் விறைப்பான 70 புஷ். "உருளுறதை அது பிடிச்சுக்கும். எடை அது மேல இல்ல. அதனால உள்ள வர்ற நடுக்கம் கம்மி. 85 ரேஸ் ஓட்டறவங்களுக்கு. உங்களுக்கு வேணாம்."

பதினான்கு வளைவுகளில் பரீட்சை

அடுத்த வாரமே சித்தப்பாவின் மெக்கானிக் மூன்றையும் மாற்றினார். ஜாக்கியில் மரக்கட்டை வைத்து இன்ஜினைத் தாங்கினார். புது மவுண்ட்டிங்குகளைப் பொருத்தி போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகிவிட்டு, இன்ஜினை லேசாக ஆட்டி அதன் இடத்தில் உட்காரவிட்டார். அதற்குப் பிறகுதான் டார்க் ரென்ச். "இழுத்துப் பிடிச்சு டைட் பண்ணா, புது ரப்பர் முறுக்கிக்கிட்டே நிக்கும். நல்ல மவுண்ட்டிங்கும் அதிரும்" என்றார். பாலி புஷ்ஷுக்கு சிலிக்கான் கிரீஸ் தடவ மறக்கவில்லை. இல்லையென்றால் 'கீச் கீச்' என்று கத்துமாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பொன்னேரி கூட்டு ரோட்டிலிருந்து ஏலகிரி ஏறினோம். மவுண்ட்டிங்கைச் சோதிக்க இதைவிட நல்ல சாலை கிடைக்காது. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்களின் பெயர். திருவள்ளுவரையும் கம்பரையும் ஔவையையும் வணங்கி, பாரியையும் பேகனையும் கடந்து மேலே போக வேண்டும். முல்லைக்குத் தேரைக் கொடுத்த பாரியின் பெயர் கொண்ட வளைவில், நாங்கள் எங்கள் தேரைச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

மலை வளைவில் வண்டி முதல் கியருக்கு வரும். இன்ஜினின் முறுக்கு விசை கியர்பாக்ஸைத் தாண்டி சக்கரத்துக்குப் போவதற்குள் பத்து மடங்குக்கும் மேல் பெருகிவிடும். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டிகளில், அதன் எதிர்விசை முழுவதும் இந்த மவுண்ட்டிங்குகள் மேல்தான் விழுகிறது. பழைய ரப்பராக இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் 'டொக்' கேட்டிருக்கும். சித்தப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினார். ஐந்தாவது வளைவு, எட்டாவது வளைவு... சத்தம் இல்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வர, ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. அங்கேயும் இல்லை.

வியூ பாயின்ட்டில் வண்டியை ஓரம் கட்டி, ஏ.சி-யைப் போட்டு, பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை டேஷ்போர்டில் வைத்தார். கீழே ஜோலார்பேட்டை சமவெளியில் பனி விலகிக்கொண்டிருந்தது. எங்கள் கண் பாட்டிலில். தண்ணீரின் மேல்பரப்பில் மெல்லிய வளையங்கள் தெரிந்தன. முன்பு அது கொதிப்பது மாதிரி குதிக்கும் என்றார்.

ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏ.சி கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும் நொடியில் இருக்கைக்கு அடியில் லேசான ஒரு ரீங்காரம், பழைய மாடி வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடுவது மாதிரி. கம்பெனி புஷ் போட்டிருந்தால் அதுவும் இருந்திருக்காது. 'டொக்' சத்தத்தை நிறுத்துவதற்கு சித்தப்பா கொடுத்த விலை அது. "இது எனக்குக் கேக்குது, பின்சீட்ல தெரியாது" என்றார். பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான்.

மேலே புங்கனூர் ஏரியில் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. சித்தப்பா ஏரியைப் பார்க்கவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்தார். "செவ்வாக்கிழமை காலையில வந்துடறேன்மா. இந்த தடவ இடுப்பு வலிச்சா சொல்லுங்க."

மவுண்ட்டிங் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

* நடுக்கம் என்றாலே மவுண்ட்டிங் என்று முடிவுகட்டாதீர்கள். ஐடில் சுற்று குறைந்திருந்தாலும், இன்ஜெக்டர் அல்லது ஸ்பார்க் பிளக் சரியில்லை என்றாலும் இதே நடுக்கம் வரும். சைலன்ஸர் குழாயோ ஏ.சி குழாயோ பாடியை உரசினாலும் வரும்.

* ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, கால் பிரேக்கையும் மிதித்தபடி ஒருவர் முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சை லேசாக விடட்டும். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பானெட்டுக்குள் பார்க்கலாம். இன்ஜின் துள்ளினால் மவுண்ட்டிங் போய்விட்டது. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்கவே கூடாது.

* முதலில் கம்பெனி ரப்பரைப் புதிதாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதுவே போதும். தேய்ந்த ரப்பரோடு புது பாலியை ஒப்பிட்டால் பாலி ஜெயிக்கத்தான் செய்யும்.

* அதற்கும் மேல் விறைப்பு வேண்டுமென்றால் கீழே உள்ள டார்க் ராடில் மட்டும், 70-க்கு மேல் போகாமல் தொடங்குங்கள். ஹைட்ராலிக் மவுண்ட்டிங்கை எடுத்துவிட்டு கெட்டி பாலி போடாதீர்கள்.

* ஸ்கிராப் கடையில் ரப்பர் பார்ட் வாங்க வேண்டாம். புதுப்பேட்டை பாய் சொன்னதுதான்: இரும்புக்கு வயதாகாது, ரப்பருக்கு வயதாகும்.

* முடிவெடுக்கும் முன் வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, ஏ.சி போட்டு, பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். மீட்டர் சொல்லாததை அவர் சொல்லிவிடுவார்.