எவ்வளவு குனியலாம்?

டெல்டாவில் மலை கிடையாது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மேற்கே கோவிலடி வழியாகக் கல்லணைக்குப் போனாலும், கிழக்கே நடுக்காவேரி வழியாகத் திருவையாற்றுக்குப் போனாலும், ஏற்றம் என்று சொல்ல ஆற்றுப் பாலங்கள்தான் உண்டு. அதனால் இங்கே வேகமாக சைக்கிள் மிதிக்க நினைப்பவனுக்கு ஒரே எதிரி காற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கல்லணைப் பக்கம் திரும்பிய உடனே நெஞ்சில் கை வைத்துத் தள்ளும்.

நான் சாஃப்ட்வேர் ஆள். வீட்டிலிருந்தே வேலை என்றானபின் ஊருக்குத் திரும்பி, டைம் ட்ரையல் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆட்டம் எளிமையானது. ஒவ்வொருவராகக் கிளம்ப வேண்டும். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளக் கூடாது. குறைந்த நேரத்தில் தூரத்தை முடித்தவர் ஜெயித்தார். கூட்டத்தில் ஒளிய முடியாது என்பதால் காற்று மொத்தமும் உங்களுக்கே.

காற்றின் கணக்கு கொஞ்சம் கொடூரமானது. வேகம் இரண்டு மடங்கானால், காற்றை விலக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. சாதாரண ரேஸ் சைக்கிளில் ஓரளவு குனிந்து 40 கி.மீ. வேகத்தில் போனால், காற்றுக்கு மட்டும் சுமார் 255 வாட் கொடுக்க வேண்டும். ஏரோ பாரில் முழங்கையை ஊன்றி, முதுகைத் தட்டையாக்கி, தோளைச் சுருக்கிக்கொண்டால் அதே வேகத்துக்கு 190 வாட் போதும். அந்த 65 வாட்டைக் கால் பயிற்சியால் சம்பாதிக்க வருடக்கணக்கில் ஆகலாம். உடம்பை மடக்கியே வாங்கிவிடலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

1989 டூர் டி பிரான்ஸ் கடைசி நாள் அப்படித்தான் முடிந்தது. வெர்சாய்லிலிருந்து பாரீசுக்கு 24.5 கி.மீ. டைம் ட்ரையல். அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருந்தார். அவரிடம் ஏரோ பாரும் வால் நீண்ட ஹெல்மெட்டும் இருந்தன. முன்னிலையில் இருந்த லோரான் ஃபிஞோன் ஹெல்மெட் இல்லாமல், குடுமி காற்றில் ஆட ஓட்டினார். லெமாண்ட் 8 விநாடியில் மொத்தப் போட்டியையும் ஜெயித்தார். ஃபிஞோனுக்கு அன்று சீட் உராய்ந்த புண்ணின் வலியும் இருந்தது. பழியை முழுக்கக் குடுமி மேல் போட முடியாது. ஆனாலும் அதன்பிறகு யாரும் குடுமியோடு டைம் ட்ரையலுக்கு வரத் துணிந்திருக்க மாட்டார்கள்.

1993இல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீ, வாஷிங் மெஷின் பாகத்தையும் சேர்த்துத் தானே கட்டிய சைக்கிளில், கைகளை மார்புக்கடியில் மடித்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். அடுத்த வருடமே சர்வதேச சைக்கிள் சங்கம் அந்த நிலையைத் தடை செய்தது. உட்காரும் விதத்துக்கே தடை!

ஆனால் குனிவதற்கும் விலை உண்டு. உடம்பு தாழத் தாழ, தொடைக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள கோணம் மூடிக்கொள்கிறது. முட்டி மேலே வரும்போது வயிற்றில் இடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, இடுப்பின் பெரிய தசைகள் முழுதாக வேலை செய்வதில்லை. அதற்காகத்தான் இந்த சைக்கிள்களில் சீட்டை முன்னால் தள்ளுகிறார்கள், பெடல் தண்டைக் குட்டையாக்குகிறார்கள்.

வீட்டு ட்ரெய்னரில் சோதித்தேன். நிமிர்ந்து இருபது நிமிடம்: 225 வாட். எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழ்ந்து: 205. முழங்கைத் திண்டை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தியபோது: 218. திறனைக் காற்று எதிர்ப்பால் வகுத்துப் பார்த்தால், அந்த மூன்றாவது நிலையே சற்று வேகமானது என்று என் கணக்கு சொன்னது. ஆகத் தாழ்ந்த நிலை ஆக வேகமான நிலையாக இருக்க வேண்டியதில்லை. எக்செல் ஷீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் கேரியரில் வாழைத்தார் கட்டிச் சந்தைக்குப் போனவர்.

"ஏன்டா, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டே ஓட்டுற. எதிர்ல என்ன நிக்கிதுன்னு எப்புடித் தெரியும்?"

"வேகமாப் போவலாம்ப்பா."

"எங்க?"

அவருடைய சைக்கிளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 15 கி.மீ. வேகத்தில், நெட்டுக்குத்தாக உட்கார்ந்தால்கூடக் காற்றுக்குப் போவது 25 வாட் அளவுதான். அந்த வேகத்தில் குனிந்து மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. நிமிர்ந்தால் வழி முழுக்கத் தெரியும். ஆடிக்காற்றில் மட்டும் முழங்கையை மடக்கி ஹேண்டில்பார் மேல் படுப்பார். எப்போது குனிய வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது.

2022 ஜனவரியில், டூர் டி பிரான்ஸ் ஜெயித்த எகான் பெர்னால், கொலம்பியாவில் டைம் ட்ரையல் சைக்கிளில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது நின்றுகொண்டிருந்த பேருந்தின் பின்னால் போய் மோதினார். ஏறத்தாழ இருபது எலும்புகள் உடைந்தன. உலகின் மிகச் சிறந்த கால்களில் ஒரு ஜோடி, உலகின் மிகச் சிறந்த நிலையில் இருந்தது. கண் மட்டும் கீழே.

எங்கள் ஊரில் அறுவடை சமயம் பாதி ரோட்டில் நெல் காயும். கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை ஏற்றிய ட்ராக்டர்கள் பின்விளக்கு இல்லாமல் நிற்கும். இரண்டு வருடமாக நான் போட்ட எந்தக் கணக்கிலும் அந்த ட்ராக்டருக்கு ஒரு கட்டம் இல்லை. காற்று ஒரு பக்கம், திறன் ஒரு பக்கம் என்றே தராசைப் பிடித்திருந்தேன். இரண்டையும் தாங்குகிற கழுத்து நிமிர்ந்திருக்கிறதா என்பது மூன்றாவது கேள்வி. வீட்டில் நாலு வயது மகள் இருக்கும்போது அதுதான் முதல் கேள்வி.

இப்போது ஏரோ நிலையில் ட்ரெய்னரிலும், ரோட்டை அடைத்து நடத்தும் போட்டியிலும் மட்டும்தான் ஓட்டுகிறேன். கல்லணைச் சாலையில் கை ப்ரேக் மேலேயே இருக்கும், தலை மேலே இருக்கும். சில நிமிடங்கள் கூடுதலாக ஆகின்றன. அந்த நிமிடங்களில் குடமுருட்டி பிரிகிற இடமும், ஆற்றில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்பதும் தெரிகின்றன. முன்பு எனக்குத் தெரிந்ததெல்லாம் முன் சக்கரமும் வாட் மீட்டரும்தான்.